சக்கரம் தரையை விடாமல்

கச்சிராயபாளையம்
6 ஜூலை 2025

வெற்றிவேலுக்கு,

ஆறு வருடமாக உன்னோடு பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு காரைப் பற்றிக் கேட்க எழுதுகிறேன்.

ஏப்ரலில் என்னை மலைக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் துணை சுகாதார நிலையம். சுற்றியுள்ள நான்கு ஊர்களுக்கும் நான் ஒருத்திதான் செவிலியர். பஸ் நேரம் ஒத்துவரவில்லை. ஸ்கூட்டரில் போய் இரண்டு முறை சறுக்கி விழுந்தேன். அதனால் மே மாதம் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினேன். வடக்கனந்தலில் ஒரு வாத்தியார் ஓட்டிய வண்டி. பன்னிரண்டு வயது. என்ஜினில் குறை இல்லை. ஆனால் வளைவில் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. திருப்பி முடித்த பிறகும் ஆட்டம் நிற்பதில்லை. குழியில் இறங்கினால் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. என்னோடு வேலை செய்யும் அம்சவள்ளி மலையில் பிறந்து வளர்ந்தவள். அவளே கரியாலூர் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுகிறாள். பின் சீட்டில் தடுப்பூசிப் பெட்டி இருக்கும். சில நாள் கர்ப்பிணிகளும் இருப்பார்கள்.

கள்ளக்குறிச்சியில் மூன்று பட்டறைகளில் கேட்டேன். ஒருவர், "ஸ்பிரிங் நடுவுல ரப்பர் சொருவிடலாம் மேடம், வண்டி தூக்கிக்கும்" என்றார். இன்னொருவர் டயரைப் பெரிதாகப் போடச் சொல்கிறார். மூன்றாமவர், ஸ்பிரிங்கையே கனமாக மாற்றினால்தான் சாயாது என்கிறார். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய என்னால் ஆகாது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, அதை மட்டும் எழுது. இந்த ரோட்டையும் சின்னக் காரையும் உன்னளவுக்குத் தெரிந்த வேறு ஆள் எனக்குத் தெரியாது. அதை எழுதக் கசக்கிறது. ஆனாலும் உண்மை.

வேறு எதுவும் எழுத வேண்டாம்.

செந்தமிழ்ச்செல்வி


கடலூர்
17 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். சரி. ஜெயிலுக்கு வந்து ஆறு மாதத்தில் எனக்கு வந்த முதல் கடிதம் உன்னுடையது. அதை மட்டும் சொல்லிவிட்டுக் காருக்கு வருகிறேன்.

ரப்பர் வேண்டவே வேண்டாம். வண்டி உயரும், பார்ப்பதற்கும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஸ்பிரிங் பாதி வேலையை நிறுத்திவிடும். கனமான ஸ்பிரிங்கும் இப்போது வேண்டாம். முட்டியை மடக்காமல் கரட்டு மேல் நடந்து பார். ஒவ்வொரு கல்லுக்கும் உடம்பு முழுக்கத் தூக்கிப் போடும். கால் எங்கே பதிகிறது என்றே தெரியாது. இறுக்கமான வண்டி மலை ரோட்டில் அப்படித்தான். சாய்வதால் மட்டும் ஒரு வண்டி கைமீறிப் போய்விடாது, அக்கா. சக்கரம் தரையை விட்டால்தான் போகும். நீ என்ன மாற்றினாலும் இந்த ஒன்றை வைத்துப் பார். இதனால் சக்கரம் தரையோடு இருக்குமா, இருக்காதா?

முதலில் டயர். டயரின் பக்கவாட்டில் சின்ன வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். கடைசி இரண்டும் அது செய்த வருடம். ஆறு வருடத்துக்கு மேல் என்றால் டயர் மேல் பட்டன் தேயாமல் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடு. பெரிய அளவு வேண்டாம், வண்டிக்கு உரிய அளவே போதும். போட்ட அன்றே அலைன்மெண்ட் பார். காற்றை வண்டிக் கதவில் ஒட்டியிருக்கிற அளவுக்கு வை, பங்க் பையன் கை போன போக்கில் அடிக்க விடாதே.

அடுத்து ஷாக், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற குழாய். முன் பானெட்டை ஒரு மூலையில் இரண்டு கையாலும் அழுத்திவிட்டுச் சட்டென்று விடு. எழுந்து நின்றுவிட்டால் ஷாக் உயிரோடு இருக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் போய்விட்டது. நான்கு மூலையிலும் செய்து பார்த்து எனக்கு எழுது.

எங்கள் மதிலுக்கு வெளியே ரோட்டில் ஒரு வேகத்தடை இருக்கிறது. பகல் முழுக்க வண்டிகள் அதில் ஏறி இறங்குகிற சத்தம் கேட்கும். எந்த வண்டிக்கு எந்தப் பக்கம் ஷாக் போயிருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். இனிமேல் உன் வண்டியைத்தான் அதில் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பேன்.

சீக்கிரம் எழுது.

தம்பி
வெற்றிவேல்


கச்சிராயபாளையம்
3 ஆகஸ்ட் 2025

வெற்றிவேலுக்கு,

டயர் மாற்றியாகிவிட்டது. பழைய டயரில் நீ சொன்ன எண்ணைத் தேடிப் பார்த்தேன். பதினாறு என்று இருந்தது. ஒன்பது வருடம். பக்கவாட்டில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் சடையன் அதைப் பார்த்துவிட்டு, "இத போட்டுக்கினா மேடம் மூணு மாசமா ஏறி எறங்குனீங்க?" என்று கேட்டார்.

இப்போது வண்டி திருப்பிய இடத்தில் திரும்புகிறது. ஆட்டம் மட்டும் போகவில்லை. பானெட்டை அழுத்திப் பார்த்தேன். முன்னால் இரண்டு பக்கமும் மூன்று முறை ஆடுகிறது. பின்னால் இடது பக்கம் எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருக்கிறது. எந்த மாதிரி ஷாக் வாங்க வேண்டும் என்று எழுது.

இன்னொரு கேள்வி. மலையிலிருந்து இறங்கும்போது, வளைவில், பக்கத்து சீட்டில் இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தால் வண்டி எப்படிப் போகும்? சக்கரத் தடம் எப்படி விழும்? உன் அனுபவத்தில் பார்த்ததை எழுது.

செந்தமிழ்ச்செல்வி


கடலூர்
13 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடையில் கேஸ் ஷாக் என்று கேள். நான்கையும் மாற்ற முடியாவிட்டால் முன்னால் இரண்டையும் ஜோடியாக மாற்று, பின்னால் இரண்டை அடுத்த மாதம். ஒற்றையாக மாற்றாதே. வண்டிக்கு உரிய உயரத்திலேயே வாங்கு. ஸ்போர்ட்ஸ் என்று எழுதியிருப்பதைக் காட்டி ஆசை காட்டுவார்கள். அது நல்ல ரோட்டுக்கு. ஷாக்கைக் கழற்றும்போது அதன் தலையில் இருக்கும் ரப்பரையும் மாற்றச் சொல், பழையதையே திருப்பிப் போட்டுவிடுவார்கள். நீ பக்கத்திலேயே நில்.

ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா என்பதையும் பார். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே தகரத்தின் ஓரம்வரை டேப்பால் அள. இடமும் வலமும் ஒன்றாக இருந்தால் ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். நானெல்லாம் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டியவன். போட்டோவில் அழகாக இருந்தது. அதைத் தவிர அதில் ஒரு நன்மையும் இல்லை.

நீ கேட்ட இன்னொரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அக்கா. அப்படி ஒருவர் ஸ்டியரிங்கை இழுத்து நான் பார்த்ததில்லை.

மலையில் மழை ஆரம்பித்துவிட்டதா? இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே.

வெற்றிவேல்


கச்சிராயபாளையம்
24 ஆகஸ்ட் 2025

வெற்றி,

அப்படி ஒருவர் இழுத்து நீ பார்த்ததில்லை. உன் கையால் எழுதியிருக்கிறாய். அந்த வரியை மடித்து என் பையில் வைத்திருக்கிறேன்.

கோர்ட்டில் உன் வக்கீல் என்ன சொன்னார்? இறந்தவர் குடித்திருந்தார், வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார், என் கட்சிக்காரர் மீது தவறில்லை. நீ அவருக்கு இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தரையைப் பார்த்தாய். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று கடைசிவரை நினைத்தேன்.

கோர்ட் அதை நம்பவில்லை. வருடக்கணக்கில் இழுத்து உனக்குத் தண்டனை கொடுத்தது. ஆனால் ஊர் நம்பியது. "தெய்வசிகாமணி குடிச்சிட்டு ஸ்டேரிங்க புடிச்சி இழுத்துக்கினான்" என்று டீக்கடையில் பேசினார்கள், கரும்பு வெட்டும் இடத்தில் பேசினார்கள். என் வூட்டுக்காரர், உன் மாமா, பொங்கலுக்குக்கூட குடிக்காத மனிதர் என்று உனக்குத் தெரியும். அவருடைய அம்மா தெருவில் நடக்கும்போது தலையைத் தூக்குவதில்லை. போன வருடம் கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அத்தனை பேர் செத்தபோது, பக்கத்து வூட்டுக்காரி லட்சுமியம்மாள், அத்தையிடம் வந்து, "உன் புள்ள முன்னாடியே போய்ட்டான், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அத்தை சுவரில் இருந்த அவர் படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "எனக்குக்கூட தெரியாம குடிச்சிக்கினு இருந்திருக்கான்" என்றார். பெற்றவளே நம்பிவிட்டார், வெற்றி.

அவர் செத்ததற்காக நான் உன்னோடு பேசாமல் இருக்கவில்லை. ரோட்டில் யாருக்கும் எதுவும் நடக்கும். செத்தவர் மேல் நீ பழியைப் போட்டதற்காகத்தான் பேசவில்லை.

கார் உண்மையிலேயே ஆடுகிறது. அது பொய்யில்லை. ஆனால் அதற்கு மட்டும் நான் எழுதவில்லை என்று இப்போது உனக்கே தெரிந்திருக்கும். அன்றைக்கு அந்த வண்டி எப்படிப் போனது? எழுது. எழுத முடியாதென்றால் இனிமேல் ஷாக் பற்றியும் எழுத வேண்டாம்.

செல்வி


கடலூர்
21 செப்டம்பர் 2025

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இங்கே கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். இதைப் படிப்பவருக்கும் தெரியட்டும்.

அடுத்து உன் வண்டியில் மாற்ற வேண்டியது பால் ஜாயிண்ட். முன் சக்கரத்தைக் கீழேயிருந்து பிடித்துக்கொண்டிருக்கிற உருண்டை மூட்டு அது. நம் தோள்பட்டை மூட்டு மாதிரி. அது கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிவிடும். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கை யார் பிடித்திருந்தாலும் ஒன்றுதான்.

அன்றைக்குக் கழன்றது அதுதான்.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்கியபோது அந்த மூட்டு எப்போதும் கோணலாகவே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் தேய்ந்துவிட்டது. அந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து சத்தம் கேட்டது. குழியில் இறங்கினால் இடது முன்பக்கம் டக் என்று ஒரு சத்தம். நான் மெக்கானிக், அக்கா. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை மாமா நடுவதற்கு மரவள்ளிக் கரணை பார்க்க மேலே போக வேண்டும் என்றார். என் வண்டியை மலையில் ஓட்டிக்காட்ட எனக்கு ஆசை. ஏறும்போதே மாமா கேட்டார், "இன்னாடா சத்தம் அது?" நான், "ஒண்ணும் இல்ல மாமா, வந்து பாத்துக்கலாம்" என்றேன். இறங்கும்போது கரியாலூருக்குக் கீழே மூன்றாவது வளைவில் கழன்றது. மாமா இருந்த பக்கம் புளியமரத்தில் போய் மோதியது.

மாமா குடிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

முன்பக்கமே நொறுங்கிப் போனதால் எது முதலில் உடைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். வக்கீல் ஒரு வழி சொன்னார். அப்பா, "போனவன் போய்ட்டான், இருக்கிறவன காப்பாத்திக்கலாம்டா" என்று அழுதார். எனக்கு இருபத்து மூன்று வயது. வாயை மூடிக்கொண்டேன். அப்பாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம்.

உன் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல். தயவுசெய்து.

வெற்றிவேல்


கடலூர்
14 அக்டோபர் 2025

அக்கா,

பதில் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மழை தொடங்கிவிட்டது என்று பேப்பரில் பார்த்தேன். நீ கரியாலூர் இறங்குவதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். வேகத்தடையில் வண்டி ஏறினால் அது இறங்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். என்மேல் இருக்கும் கோபத்தில் அந்த மூட்டைப் பார்க்காமல் விட்டுவிடாதே. பார்த்தேன் என்று ஒரு வரி போடு. வேறு எதுவும் வேண்டாம்.

வெற்றிவேல்


கச்சிராயபாளையம்
16 நவம்பர் 2025

வெற்றி,

பார்த்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

உன் கடிதம் வந்த மறுநாள் சடையனிடம் வண்டியைத் தூக்கச் சொன்னேன். இடது முன் சக்கரம். "மேல ஒரு கை, கீழ ஒரு கை வெச்சி ஆட்டுங்க மேடம்" என்றார். ஆட்டினேன். ஆடுகிற பல்லைத் தொட்ட மாதிரி உள்ளங்கையில் ஒரு சின்ன அசைவு. டக் என்றது. சடையன், "கொஞ்சம் ஆடுது. இப்போதைக்கு ஓடும், பொங்கலுக்கு அப்பறம் மாத்திக்கலாம்" என்றார். நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

யாருக்கும் தெரியாத அளவுக்கு அந்த ஆட்டம் சின்னதாக இருந்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்படி இருந்தால் உன்னை விட்டுவிடலாம். இல்லை, குருடனுக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருந்தாலும் போதும், கடைசிவரை உன்னை வெறுத்துவிட்டுப் போகலாம். அது இரண்டுமாக இல்லை. விவரம் தெரிந்த ஒருவர் இப்போதைக்கு ஓடும் என்று சொல்லக்கூடிய அளவில் இருந்தது. சடையன் நல்ல மனிதர். அவரும் அதையேதான் சொன்னார்.

அன்றைக்கே மாற்றினேன். இரண்டு பக்கமும். கீழே இருக்கிற ரப்பர் புஷ்களையும் மாற்றினேன். பின் ஷாக்கும் முடிந்தது.

அக்டோபர் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. பாப்பாத்தி என்று ஒரு பெண், எட்டு மாதம். கால், முகம் எல்லாம் வீக்கம். ரத்த அழுத்தம் நூற்றெண்பது. எந்த நேரமும் வலிப்பு வரலாம். மேலே வெள்ளிமலை ரோட்டில் மரம் விழுந்து அங்கிருந்து எந்த வண்டியும் எங்களிடம் வர முடியவில்லை. முதல் ஊசியைப் போட்டுவிட்டு, பின் சீட்டில் அம்சவள்ளி மடியில் அவளைச் சாய்த்துக் கிளம்பினேன். பகல்தான். ஆனாலும் விளக்குப் போட்டால்தான் ரோடு தெரிந்தது. பாப்பாத்தி, "மெதுவா போ மேடம், கண்ணு இருட்டுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அம்சவள்ளி, "மெதுவாத்தான் போய்க்கினு இருக்காங்க, நீ கண்ண மூடு" என்றாள்.

மூன்றாவது வளைவு. இத்தனை வருடத்தில் நான் பஸ்ஸில் போனபோதெல்லாம் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். கார் வாங்கிய பிறகு மரம் இருக்கும் பக்கம் திரும்பாமல் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டப் பழகியிருந்தேன். அன்றைக்கு ரோட்டின் பாதியில் செம்மண் சரிந்து கிடந்தது. மரத்தை ஒட்டித்தான் போயாக வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினேன். ஓரத்தில் தண்ணீர் அரித்த பள்ளத்தில் இடது சக்கரம் விழுந்தது. வண்டி ஒரு முறை தாழ்ந்தது, எழுந்தது, நின்றுவிட்டது. ஆடவில்லை. ஸ்டியரிங் என் கையிலேயே இருந்தது. பின்னால் பாப்பாத்தி முனகக்கூட இல்லை.

கள்ளக்குறிச்சியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இருவரும் வூட்டுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. நானே வாசித்தேன். முழுவதையும் வாசித்தேன், நீ சத்தத்தைக் கேட்டும் ஓட்டினாய் என்பது உட்பட. அவர் உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். முறத்தில் இருந்த உளுந்தைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த வரிய இன்னொரு தபா படி" என்றார். எந்த வரி என்று கேட்டேன். "தொடல, குடிக்கலன்னு இருக்கே, அது." மூன்று தடவை படித்தேன். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துத் துடைத்து மாட்டினார்.

திரும்பி வந்து உட்கார்ந்துதான் கேட்டார்: "ஸ்டேரிங்க தொடலன்னா, அப்ப அவன் கை எங்க இருந்துச்சாம்?"

எனக்குத் தெரியாது, வெற்றி. உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. வந்தால் எழுதுவேன். ஜனவரி பத்தாம் தேதி உன்னை விடுவதாக அம்மா சொன்னாள். அன்றைக்குக் கடலூருக்கு நான் வருகிறேன். காரை நான்தான் ஓட்டுவேன். நேராக அத்தை வூட்டுக்குப் போகிறோம். தெருவில் நாலு பேர் இருக்கிற நேரத்தில், வாசலில் நின்று, அவர் தொடவில்லை என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு உன்னை அம்மா வூட்டில் கொண்டுபோய் விடுகிறேன்.

அத்தை கேட்டதற்குப் பதில் எழுது.

செல்வி


கடலூர்
27 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன். வாசலில் நின்று சொல்கிறேன். எத்தனை பேர் இருந்தாலும் சொல்கிறேன்.

அத்தை கேட்டதை எழுதுகிறேன். இதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி மட்டும் சொன்னேன். அந்தப் பாதியில்தான் எல்லாம் கெட்டுப்போனது.

சக்கரம் மடங்கியதும் வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். நான் பெல்ட் போடவில்லை. மாமா அதுவரை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கரணை எந்தப் பட்டத்தில் நடலாம் என்று பேசிக்கொண்டு வந்தார். மரம் வருவது அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும், அவர் பக்கம்தானே. அவர் டேஷ்போர்டைப் பிடிக்கவில்லை. முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. வலது கையை நீட்டி என் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்து என்னை சீட்டோடு அழுத்தினார். "டேய்" என்றார், அவ்வளவுதான். மோதும்வரை அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. எனக்கு விலா எலும்பு ஒன்றுகூட உடையவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னை விசாரித்தபோது, "மாமா கை குறுக்க வந்துச்சு" என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்குக் குறுக்கே வந்தது என்று வக்கீல் ஆக்கிவிட்டார். எதற்காகக் குறுக்கே வந்தது என்று நான் திருத்திச் சொல்லவில்லை.

ஜனவரி பத்துவரை அத்தையைக் காக்க வைக்காதே, அக்கா. கடிதம் கிடைத்த அன்றே போய் வாசித்துக் காட்டிவிடு.

தம்பி
வெற்றிவேல்